சட்டப் புத்தகம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, திரையில் படிப்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவள் மகளுக்குக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டுக்கு நான்கு பாடம், அதற்கான புத்தகப் பட்டியல், ஓரத்தில் அக்காவே பேனாவால் கூட்டிப் போட்ட தொகை 1,140 ரிங்கிட். கீழே ஒரு குரல் பதிவு: “டேய் தம்பி, புத்தகத்துக்கே ஆயிரத்து நூத்திச் சொச்சம் வெள்ளியாடா? எல்லாத்தையும் டேப்லெட்லயே வாங்கிட்டா பாதி வெலைதான்னு இவ சொல்றா. உண்மையா?”

“பாதி உண்மை” என்று பதில் போட்டுவிட்டு, சாயங்காலம் சென்டுலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நேரிலேயே போனேன். அங்கே எதிர்வீட்டுத் தம்பியும் வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைத்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். நான் சொன்ன பதில் மட்டும் ஆளுக்கு ஒன்று. நான் வழக்கறிஞன் என்பதால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பெற்றோராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை அனுப்பிவிடலாம் பாருங்கள்.

முதலில் விலை. கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் புத்தகத்தின் விலையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கொடுத்த காசிலிருந்து, படித்து முடித்து விற்கும்போது திரும்பி வரும் காசைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான செலவு. கணக்குக்காக, ஒரு பாடநூல் புதிதாக 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கி, அழுக்காக்காமல் படித்து, அடுத்த ஆண்டு ஜூனியருக்கு 90-க்குக் கொடுத்தால் செலவு 110. அதே பதிப்பை ஒரு சீனியரிடம் 100-க்கு வாங்கி 60-க்குத் தள்ளிவிட்டால் செலவு 40. அதே நூலின் மின்பதிப்பை, கடை சொல்கிறபடி, 20 விழுக்காடு கழிவில் 160-க்கு வாங்கினால்? செலவு 160. திரும்பி ஒரு காசு வராது. ஆறு மாத வாடகைக்கு 80 என்றால் செலவு 80. இந்த எண்களை நான் வசதிக்காகப் போட்டிருக்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள விலைகளைப் போட்டு நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் வரிசை மாறாது. “மலிவு” என்று நம் பிள்ளைகள் முதலில் தேடிப் போகிற மின்நூல் கொள்முதல்தான், பல நேரம், நான்கு வழிகளில் செலவு கூடிய வழியாக நிற்கிறது.

மின்நூலை ஏன் விற்க முடியாது என்று அக்கா மகள் கேட்டாள். சட்டம் படிக்கப் போகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். காகிதப் புத்தகத்தை வாங்கினால் அந்தப் பிரதி உங்களுடையது. அதை விற்கலாம், இரவல் தரலாம், பழைய பேப்பர்காரரிடமும் போடலாம். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு மாணவர், ஊரில் உறவினர்களைக் கொண்டு மலிவான ஆசியப் பதிப்புப் பாடநூல்களை வாங்கி அனுப்பச் சொல்லி, அங்கே இணையத்தில் விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிர்ட்சாங் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். சட்டப்படி தயாரித்த பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மறுவிற்பனையில் பதிப்பகம் தலையிட முடியாது என்பது அதன் சாரம். மின்நூலுக்கு இந்தச் சலுகை ஒட்டவில்லை. நெதர்லாந்தில் பழைய மின்நூல்களை விற்ற டாம் கேபினட் என்ற நிறுவனத்தின் வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: மின்நூலை மறுவிற்பனை செய்யப் பதிப்புரிமை உடையவரின் அனுமதி வேண்டும். இரண்டும் வெளிநாட்டுத் தீர்ப்புகள், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாங்கும்போது நாம் படிக்காமல் “சம்மதம்” தட்டுகிறோமே, அந்த நிபந்தனைகளிலும் இதுதான் எழுதியிருக்கும். நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டுமே.

அனுமதி கொடுத்தவர் கடையை மூடிவிட்டால்? 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. விற்ற நூல்கள் வாசகர்களின் கருவிகளிலிருந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர். ஓர் ஆண்டு முழுக்க ஒப்பந்தச் சட்டத்தில் நீங்கள் எழுதிவைத்த ஓரக் குறிப்புக்கு 25 டாலர் என்று ஒருவர் விலை போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப மின்நூலே வேணாம்னு சொல்றீங்களா மாமா?” என்றாள். அப்படியும் இல்லை. வாடகை மின்நூல் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, சரியான பாடத்துக்கு எடுத்தால். எந்தப் பாடத்துக்கு என்பதில்தான் அவளுக்கும் எதிர்வீட்டுத் தம்பிக்கும் வழி பிரிகிறது.

அந்தத் தனியார் கல்லூரி வழியாக அவள் படிக்கப் போவது லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டம். மூன்று ஆண்டும் இங்கிலாந்துச் சட்டம். படித்து முடித்து இங்கே வழக்கறிஞர் ஆகவேண்டும் என்றால் சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். அங்கே கேட்பது நம் நாட்டு சாட்சியச் சட்டம், நம் நாட்டு நடைமுறைச் சட்டம். அதாவது, முதலாண்டில் இங்கிலாந்துப் பொதுச் சட்டப் பாடத்துக்கு (பப்ளிக் லா) அவள் வாங்கும் அறுநூறு பக்கப் புத்தகத்தை, வழக்கறிஞரான பிறகு திறக்கப் போவதே இல்லை. என் அலமாரியிலும் அப்படி நான்கு கிடக்கின்றன. வீடு மாறும்போதெல்லாம் அவற்றையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. ஓர் ஆண்டுக்கு மட்டும் தேவைப்படுகிற பொருளை வாடகைக்கு எடுப்பதில் நட்டம் இல்லை.

தம்பிக்கு இது தலைகீழ். மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு சிஎல்பி தேவையில்லை. அவன் முதலாண்டில் படிக்கும் ஒப்பந்தச் சட்டம் 1950-தான் அவன் ஐம்பது வயதிலும் நீதிமன்றத்தில் வாதாடப் போகும் சட்டம். அவன் வாங்கும் புத்தகம் நாளை அலுவலக அலமாரிக்குப் போகும். தவிர, அவன் பட்டியலில் இருந்த உள்நாட்டுப் பாடநூல்களுக்கு அன்று மாலை மூன்று பேரும் உட்கார்ந்து தேடியும் ஒன்றுக்குக்கூட வாடகைப் பதிப்பு அகப்படவில்லை.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வகுப்பு தொடங்கும் உற்சாகத்தில் செப்டம்பரில் 180 நாள் வாடகைக்கு எடுத்தால் மார்ச்சில் முடிந்துவிடும். தேர்வோ மே மாதம். என்னோடு படித்த ஒருத்திக்கு ஏறக்குறைய இதுதான் நடந்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புத்தகம் பூட்டிக்கொண்டது. அவள் மஞ்சள் அடித்து வைத்த வரிகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. நீட்டிக்கலாம் என்றார்கள், நீட்டிப்புக்கு முழு வாடகை கேட்டார்கள். கட்டினாள், வேறு வழியில்லை. ஆகவே முதல் சில மாதங்களை நூலகப் பிரதியில் ஓட்டிவிட்டு, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுங்கள். குறிப்புகளை அந்தச் செயலிக்குள் எழுதாமல் தனி நோட்டில் எழுதுங்கள். எத்தனை பக்கம் அச்செடுக்கலாம், எத்தனை கருவியில் திறக்கலாம் என்பதற்கும் பதிப்பகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பக்க எண்ணிலும் ஒரு சங்கடம் உண்டு. கட்டுரை எழுதும்போது அடிக்குறிப்பில் பக்கம் போடச் சொல்வார்கள். சில மின்நூல்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறிவிடும். அச்சுப் பக்க எண்ணைக் காட்டும் பதிப்பா என்று மாதிரிப் பக்கங்களில் சோதித்துவிடலாம்.

திரையில் படித்தால் மண்டையில் ஏறாது என்பார்கள் நம் பெரியவர்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத பேச்சு இது. 2018-இல் வெளிவந்த ஒரு மேலாய்வு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தகவல் நூல்களைப் புரிந்துகொள்வதில் காகிதத்துக்குச் சிறிய அளவில் முன்னிலை இருப்பதாகச் சொன்னது. நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போது அந்த இடைவெளி கூடுதலாம். என் அனுபவமும் ஏறக்குறைய அதுவே. ஒரு வழக்கின் பெயர் நூலில் எங்கெல்லாம் வருகிறது என்று தேட வேண்டுமா, திரைக்கு ஈடில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் மறுபயன் (கன்சிடரேஷன்) கோட்பாட்டை முதன்முதலாகப் புரிந்துகொள்ள வேண்டுமா, பென்சிலும் காகிதமும்தான். அதோடு முதுகையும் நினைக்க வேண்டும். சென்டுலிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு காலை நேரக் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போகிறவள், இரண்டு கனத்த புத்தகங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போக முடியாது.

சரி, மலிவிலும் மலிவு பழைய புத்தகம் என்று கணக்குச் சொன்னதே, அதை எல்லாருமே வாங்கினால் என்ன? பினாங்கில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தையில் மாடிப்படி ஏறினால் பழைய புத்தகக் கடைகள். உப்புப் பழ ஊறுகாய் வாசமும் பழங்காகித வாசமும் கலந்து வரும். கழுத்தைச் சாய்த்து முதுகெழுத்தைப் படித்துக்கொண்டே போய், பேரம் பேசி, என் முதல் குற்றவியல் நூலை அங்கேதான் வாங்கினேன். இப்போது அதே பேரம் கரோசெல் என்ற இணையச் சந்தையில் நடக்கிறது.

ஆனால் சட்ட நூலில் “பழையது” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அட்டை பழசாக இருந்தால் பரவாயில்லை. சட்டம் பழசாக இருந்தால் ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் சேம்பரிங் (வழக்கறிஞராகும் முன் செய்யும் பயிற்சி) செய்த பையன் ஒருவன், ஒரு கட்சிக்காரருக்காகக் கருத்துரை வரைந்து கொண்டுவந்தான். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தொகையைக் கேட்டுப் பெற முடியுமா என்பது கேள்வி. அவன் எழுதியிருந்தான்: ஒப்பந்தச் சட்டம் 75-ஆம் பிரிவு, செல்வகுமார் எதிர் தியாகராஜா, 1995; எழுதி வைத்திருந்தாலும் உண்மையான இழப்பை மெய்ப்பித்தாக வேண்டும். மணி மணியான கையெழுத்து, அழகான வாதம். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. 2018-இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த நிலையை மாற்றிவிட்டது. குறித்த தொகை நியாயமான இழப்பீடாக இருந்தால் போதும், எல்லா வழக்கிலும் உண்மை இழப்பை மெய்ப்பிக்கத் தேவையில்லை. நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு மீறியவர் தலையில். எங்கள் சீனியர் வழக்கறிஞர் எதுவும் சொல்லாமல் பென்சிலால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பையன் மேசையில் கிடந்த பாடநூலை எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று, அட்டைகூடக் கசங்காமல் இருந்தது. 2010-க்கு முந்தைய பதிப்பு. பதினைந்து வெள்ளிக்கு வாங்கினானாம்.

அதனால் பழைய நூல் வாங்கும்போது நான் பார்ப்பது பதிப்பு ஆண்டை. நிறுவனச் சட்டம் என்றால் 2017-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2017 ஜனவரி கடைசியில். குற்றவியல் என்றால் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதும், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு அதே ஆண்டு எடுக்கப்பட்டதும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பதிப்பு மட்டும் பின்தங்கியிருந்து, பாடமும் அதிகம் மாறாததாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். மாறிய நான்கைந்து தீர்ப்புகளை விரிவுரைக் குறிப்பிலிருந்து எடுத்து ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். புதிய பதிப்புக்கும் பழைய பதிப்புக்கும் உள்ள நூறு வெள்ளி வித்தியாசத்துக்கு அரை நாள் உழைப்பு.

பழசு புதிதை வெல்கிற ஓர் இடமும் இருக்கிறது, இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நம் தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்களைப் பார்த்து எழுதியவை. பிரிவு எண்கள்கூடப் பல இடங்களில் ஒன்றுதான். கொலைக்குத் தண்டனை அங்கேயும் 302, இங்கேயும் 302. ஏமாற்றுக்காரனை நாம் “ஃபோர் ட்வென்டி” என்கிறோமே, அந்த 420 இன்றும் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில்தான் அது செத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அங்கே புதிய சட்டங்கள்: கொலை 103-க்குப் போய்விட்டது, ஏமாற்று 318-க்கு. ஆகவே இந்தியாவில் இனி வரும் தண்டனைச் சட்ட, சாட்சியச் சட்ட உரைநூல்களின் எண் வரிசை நமக்கு உதவாது. அங்கே காலாவதியான பழைய உரைநூல்தான் நமக்குப் பொருந்தும். சென்னைக்குத் திருமணத்துக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால், புடவையோடு ஒரு பழைய சாட்சியச் சட்ட உரையையும் வாங்கி வரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கணினி ஆவணங்கள் பற்றிய 90ஏ போன்ற பிரிவுகள் நம் நாட்டுக்கே உரியவை, அவற்றை இந்திய நூலில் தேடிப் பயனில்லை.

இனிமேல் சொல்வதுதான் காசை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது. பட்டியலில் இருந்த 1,140 ரிங்கிட்டில் ஒரு பகுதி, சட்டங்களின் வாசகத்துக்கும் தீர்ப்புகளின் தொகுப்புக்கும் போகிறது. சட்ட வாசகத்துக்கும் தீர்ப்புக்கும் நம் நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. பதிப்புரிமைச் சட்டம் 1987, மூன்றாவது பிரிவைப் பாருங்கள்: இலக்கியப் படைப்பு என்பதற்கு வரையறை சொல்லிவிட்டு, அரசின் சட்ட வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் கூட்டரசுச் சட்டங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. பதிவிறக்கும்போது முதல் பக்கத்தில் எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தீர்ப்புகள் நீதித்துறையின் தளத்தில் இருக்கின்றன. அக்கா மகளுக்கு வேண்டிய இங்கிலாந்துச் சட்டங்களை அந்நாட்டு அரசே தன் சட்டத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தீர்ப்புகளுக்கு பெய்லி தளம் இருக்கிறது. 2022 முதல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமும் வெளியிடுகிறது. இந்தியத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளம். சிறுவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்ற 1903-ஆம் ஆண்டு மோகரி பீபி தீர்ப்பைத் தம்பி முதல் மாதத்திலேயே படிப்பான். அதற்காக அவன் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் காசு? விளக்கத்துக்கு. நூறு தீர்ப்பைப் படித்து, எது முக்கியம், எது எதோடு முட்டுகிறது என்று ஒருவர் பிரித்து வைத்திருக்கிறாரே, அந்த உழைப்புக்கு. அதற்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பாடத்துக்கு ஒரு நல்ல விளக்க நூல் போதும். பட்டியலில் “கூடுதல் வாசிப்பு” என்று போட்டிருப்பதை எல்லாம் வாங்கினவனை நான் இதுவரை பார்த்ததில்லை, முதலாண்டு மாணவனின் அம்மாவைத் தவிர.

இலவசப் பிரதியை நம்பிக் கையை வீசிக்கொண்டு தேர்வுக்குப் போய்விடவும் கூடாது. சில தேர்வுகளில் எழுத்து, கோடு எதுவும் இல்லாத அச்சிட்ட சட்ட நூலை மண்டபத்துக்குள் எடுத்துப்போக விடுவார்கள். டேப்லெட்டை விடமாட்டார்கள். எந்தப் பதிப்பு, எப்படிப்பட்ட பிரதி என்று கல்லூரி சொல்லும். அந்த ஒரு நூலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக வாங்கச் சொன்னேன், இரண்டு பேருக்கும்.

நூலகத்தை நம் ஆட்கள் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, மறந்தே போகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை 1972-இல் தொடங்கியது. அதன் அகமது இப்ராகிம் சட்ட நூலகத்தில் தம்பிக்கு வேண்டிய உள்நாட்டு நூல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கும். இன்னொன்று, கல்லூரி லெக்சிஸ், வெஸ்ட்லா, சிஎல்ஜே ஆகிய சட்டத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டியிருப்பதால் பாடநூல் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே நிறைந்திருப்பது தீர்ப்புகளும் தொழில் செய்பவர்களுக்கான உரைநூல்களும். முதலாண்டு மாணவன் அதில் நேராகக் குதித்தால் கரை தெரியாது. நூலகத்து மின்நூலும் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு பல நூல்களுக்கு உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

டெலிகிராம் குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பாசாங்கு செய்கிறவன் ஆவேன். எல்லா நூலும் அங்கே பிடிஎஃப்-ஆகக் கிடைக்கிறது, எல்லாருக்கும் தெரியும். கல்லூரிக்குக் கீழே முழுப் புத்தகத்தையும் போட்டோஸ்டேட் எடுத்து, சுருள் கம்பி மாட்டித் தருகிற கடையும் இருக்கும். சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவு நகலெடுக்க நம் பதிப்புரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் இடம் தருகிறது. எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அந்த நூலின் விற்பனை எவ்வளவு பாதிக்கப்படும் என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது. ஓர் அத்தியாயத்தை அதற்குள் அடக்கி வாதாடலாம். முழுப் புத்தகத்தை அடக்குவது கடினம். டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத் தொகுப்புகளை நகலெடுத்து விற்ற கடைக்கு எதிராக மூன்று பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கை 2016-இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தள்ளுபடி செய்தது உண்மைதான். ஆனால் அது இந்தியச் சட்டத்தில் கற்பித்தலுக்கென்றே இருக்கும் ஒரு விதிவிலக்கின் பலத்தில் வந்த தீர்ப்பு. அதை இங்கே கொண்டுவந்து கேடயமாகப் பிடிக்க முடியாது. வழக்கறிஞராகச் சேரும் நாளில் நன்னடத்தை உள்ளவர் என்று காட்டச் சொல்கிறது நம் வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976. போகட்டும், நியாய அநியாயத்தை ஒதுக்கி வைத்தாலும், அந்த பிடிஎஃப்-களில் பெரும்பாலானவை எந்தப் பதிப்பு என்றே தெரியாதவை. செல்வகுமார் கதைதான் மறுபடியும்.

தனித்தனியாக மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு வகுப்பே சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடியது ஒன்று உண்டு. மாணவர் சங்கம் பருவம் தொடங்கும் முன் விரிவுரையாளரிடம் போய், எந்த ஒரு நூல் கட்டாயம், முந்தைய பதிப்பு போதுமா, நூலகம் அதன் மின்பதிப்பைக் கூடுதல் பேர் திறக்கும்படி வாங்குமா என்று கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஹார்வர்டின் எச்டூஓ தளத்திலும், காலி என்ற சட்டக் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் இலாங்டெல் பதிப்பகத்திலும், பேராசிரியர்கள் தொகுத்த வழக்குத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்ப்புக்குப் பதிப்புரிமை இல்லாத நம் நாட்டில் இதைச் செய்யத் தடை என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஓர் ஒப்பந்தச் சட்ட விரிவுரையாளர் தன் பத்தாண்டுக் குறிப்புகளோடு ஐம்பது தீர்ப்பைச் சுருக்கித் தொகுத்தால் போதும், மூன்று கல்லூரி மாணவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அதே அமெரிக்காவில், கல்விக் கட்டணத்தோடு மின்நூல் கட்டணத்தையும் சேர்த்தே வசூலிக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. கழிவு விலை என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் சீனியரிடம் நாற்பது வெள்ளிச் செலவில் படிக்கும் வழியை அது அடைத்துவிடும். உங்கள் கல்லூரி அப்படி ஒரு படிவத்தை நீட்டினால், விலகிக்கொள்ளும் கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முடிவாக அன்று சமையலறை மேசையில் நாங்கள் போட்ட கணக்கு இது. அக்கா மகளுக்கு ஒப்பந்தமும் குற்றவியலும் நடப்புப் பதிப்பில், சீனியர்களிடமிருந்து, காகிதத்தில். இரண்டும் 220 ரிங்கிட். பொதுச் சட்டமும் சட்ட அமைப்பும் வாடகை மின்நூல், ஜனவரியில் எடுப்பது, 170. தேர்வு மண்டபத்துக்கான சட்ட நூல் புதிது, 90. ஆக 480. அடுத்த ஆண்டு இரண்டு காகித நூலையும் விற்றால் நூற்றுச் சொச்சம் திரும்பும். எதிர்வீட்டுத் தம்பிக்கு மின்நூலே வேண்டாம் என்றேன். தேர்வு மண்டபச் சட்ட நூலைத் தவிர, ஒப்பந்தச் சட்டத்துக்கு மட்டும் ஆகப் புதிய உள்நாட்டுப் பதிப்பைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், மற்றவற்றை நூலகத்தில் படிக்கட்டும். அவன் முகம் கொஞ்சம் வாடியது. டேப்லெட் வாங்க அதுதான் சாக்கு என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது.

கிளம்பும்போது அக்காவிடம் இன்னொன்றும் சொன்னேன். வாழ்க்கைமுறைக்கான வருமான வரிக் கழிவு 2,500 ரிங்கிட் வரை இருக்கிறது. பிள்ளைக்கு வாங்கும் புத்தகமும் அதில் சேரும், அச்சானாலும் மின்பதிப்பானாலும். டேப்லெட்டும் அதே கணக்கில்தான். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அக்கா உடனே ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தாள். மறுநாள் மத்தியானம், நான் நீதிமன்றத்தில் இருக்கும்போது குரல் பதிவு வந்தது: “டேய், அந்தப் பழைய புத்தகம் வித்த சீனியர் பையன்கிட்ட ரசீது கேட்டா சிரிக்கிறானாம்டா. நீயே அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசேன்.”